நாதா என்றாள்

தம்பி, நீங்கள் தமிழ்தானே? பஸ் கிளம்பும்போது போனில், "சரிம்மா, வச்சிடறேன், டவர் போயிரும்" என்று சொன்னீர்களே, அது காதில் விழுந்தது. விழுந்ததும் பின் சீட்டிலிருந்து எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து இங்கே வந்துவிட்டேன். பக்கத்தில் உட்காரலாமா? ஜன்னல் ஓரத்தில் நீங்களே இருங்கள். எனக்கு வேண்டாம். மலைப்பாதை என்றுதான் சொன்னார்கள். ஒரு பக்கம் பாறையும் இன்னொரு பக்கம் வெறும் ஆகாயமுமாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

விமான நிலையத்துக்குத்தானே போகிறீர்கள்? நானும்தான். அப்பாடா.

உங்களுக்கு இந்த நாட்டுப் பாஷை தெரியும் போலிருக்கிறதே. டிரைவரோடு பேசினீர்கள், அவன் சிரித்தான், நீங்களும் சிரித்தீர்கள். எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். ஒரே ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல வேண்டும். என் மனைவி சொன்ன வார்த்தை. பஸ் நகரும்போது கீழே நின்றுகொண்டு சொன்னாள். இல்லை தம்பி, அவள் வரவில்லை. வருவாளா, மாட்டாளா என்பதே அந்த வார்த்தைக்குள்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வார்த்தையை மட்டும் சொன்னால் உங்களுக்குப் புரியாது. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் குணசீலன். விருதுநகரில் மிளகாய் மண்டி வைத்திருந்தேன். இப்போது என் தம்பி பார்த்துக்கொள்கிறான். மனைவி பெயர் செல்வக்கனி. நான் கனி என்றுதான் கூப்பிடுவேன். ஒரே பையன், அமுதன். குவாதலஹாராவில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை. இந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டான். ரொசியோ என்று பெயர். குறை சொல்ல முடியாத பெண். "சாப்டீங்களா மாமா" என்று தமிழில் கேட்பாள். நாங்கள் அவர்களோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமையானால் சம்பந்தியம்மாள் வந்துவிடுவார். கனியின் கையைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று பேசுவார். கனிக்கு ஒன்றும் புரியாது. சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் போன பிறகு கனி என்னிடம் வந்தாள்.

"ஏங்க, அந்தம்மா இன்னைக்கு அழுதாங்க."

"எதுக்கு?"

"அதான் தெரியல. அவங்க அழுதுக்கிட்டே சொல்லிருக்காங்க, நான் சிரிச்சுக்கிட்டே கேட்டிருக்கேன். எப்படி இருந்திருக்கும் அவங்களுக்கு?"

அதையே பிடித்துக்கொண்டாள். பாஷை படிக்க வேண்டும் என்றாள். பையன் உடனே ஏற்பாடு செய்துவிட்டான். கடற்கரையில் பூந்தா கார்சா என்று ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு பள்ளிக்கூடம், காலையில் வகுப்பு, மத்தியானம் ஊரைச் சுற்றிப் பார்க்கலாம், தங்குவதற்கு ஒரு வீடு. இவள் தனியாகப் போவாளா? லிஃப்டில் ஏறுவதற்கே என் முழங்கையைப் பிடிக்கிறவள். சுபாவத்திலேயே பயந்தவள். அதனால் நானும் கூட வந்தேன். பாதுகாப்புக்கு.

இந்த டிரைவர் ஏன் இவ்வளவு ஓரமாகப் போகிறான்? எதிரே லாரி வந்தால் என்ன செய்வான்? சரி, சரி. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அந்த ஊரில் எனக்குப் பிடிக்காதது கடல். எங்கள் ஊரில் தண்ணீர் லாரியில்தான் வரும். வீட்டு வாசலுக்கு வந்து, குழாய் வழியாகக் குடத்தில் இறங்கி, பேசாமல் கிடக்கும். இங்கே அது சும்மா இருக்கவே மாட்டேன் என்கிறது. வந்து வந்து அறைகிறது. கூரை மேல் பச்சைப் பல்லி, நம் கை நீளத்துக்கு. அதற்கு முதுகில் சீப்பு மாதிரி முள். தெருநாய்கள் கட்டிலுக்கு அடியில் வந்து படுக்கும். ஒரு பறவை, அதன் தாடையில் ஒரு பை தொங்கும், அது மேலிருந்து கல் விழுவது மாதிரித் தண்ணீரில் விழும். ஒவ்வொரு தடவையும் எனக்குத் திடுக்கென்றிருக்கும்.

போன அன்றைக்கே கடற்கரையில் ஒரு பலகையைப் பார்த்தேன். மஞ்சள் பலகை, சிவப்பு எழுத்து. முதல் வார்த்தை 'ப்ரொஹிபிதோ'. அது இங்கிலீஷ் மாதிரிதான், தடை என்று அர்த்தம், ஊகிக்க முடிகிறது. இரண்டாவது வார்த்தையைப் படித்ததும் என் காலடி மணல் இறங்கியது மாதிரி இருந்தது. என், ஏ, டி, ஏ, ஆர். எங்கள் உறவின்முறைச் சங்கக் கட்டடத்தின் முகப்பில் இங்கிலீஷில் இருக்குமே, அதே ஐந்து எழுத்து. நாடார்! நாடார்களுக்குத் தடை!

சிரிக்காதீர்கள் தம்பி. எங்கள் தாத்தா கோயில் வாசலுக்கு வெளியே நின்று கும்பிட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தப் பயம் எங்கே போய்விடும்? இத்தனை கடல் தாண்டி வந்தும் எழுதிப் போட்டு வைத்திருக்கிறார்களே என்று கனியின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வா, வா. திரும்பிப் பார்க்காம நட."

"என்னங்க?"

"பலகையைப் பாரு. நம்மளை விடமாட்டாங்களாம்."

அவள் போனில் எதையோ தட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு.

"அது நாதார்ங்க! நாதார்னா நீந்துறது. இங்க நீந்தக் கூடாதுன்னு போட்டிருக்கு. அவங்களுக்கு நம்மளைத் தெரியவே தெரியாது."

எனக்கு அது ஒன்றும் சிரிப்பாக இல்லை. ஆனாலும் ஒரு வார்த்தை படித்தாயிற்று. நாதார் என்றால் நீந்துவது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் நானும் சேர்ந்தேன். தென்னை ஓலை வேய்ந்த கொட்டகை. சொல்லிக்கொடுக்கிற அம்மாள் ஒதீலியா, நல்ல உயரம், குரல் பெரியது. முதலில் எல்லாம் பெயர்ச்சொல். தண்ணீருக்கு ஆகுவா. சோற்றுக்கு அர்ரோஸ், நம்முடைய அரிசி மாதிரியே இருக்கிறது பாருங்கள். கதவு, நாற்காலி, எலுமிச்சம்பழம். எனக்கு நன்றாக வந்தது. ஒதீலியா என்னைப் பாராட்டினார்.

அப்புறம் ஒரு நாள் கரும்பலகை முழுக்கக் கோடு போட்டு, நான் வருகிறேன், நீ வருகிறாய், அவன் வருகிறான், நாங்கள் வருகிறோம் என்று ஒரே சொல்லைத் திருகித் திருகி எழுத ஆரம்பித்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். இந்த வயதில் வாய்ப்பாடு ஒப்பிக்கவா வந்தேன்? வினைச்சொல் எதற்கு தம்பி? மண்டியில் நான் என்ன பேசினேன்? மூட்டை, லாரி, ராமநாதபுரம் முண்டு வத்தல். இதைச் சொன்னால் ஆட்களே புரிந்துகொண்டு வேலையை முடித்துவிடுவார்கள்.

"வினைச்சொல் இல்லாம எப்படிங்க பேசறது?" என்று கனி கேட்டாள்.

"அதுக்குத்தான் நீ இருக்கியே" என்றேன்.

ஆனால் வகுப்புக்குப் போகாமலே நான் ஒரு வார்த்தையை நன்றாகப் பிடித்துக்கொண்டேன். எந்தக் கடையில் எதை வாங்கிவிட்டு நன்றி சொன்னாலும், "தெ நாதா" என்பார்கள். தேங்காய் வெட்டுகிறவன் நாதா. மாங்காயில் மிளகாய்த்தூள் போட்டு விற்கிற பெண் நாதா. முதல் தடவை கேட்டபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பொருட்காட்சி மேடையில் ராணி வேஷம் போட்டவள் ராஜா காலில் விழுந்து, "நாதா!" என்று கூப்பிடுவாளே, அந்த நாதாவேதான்.

"கனி, கேட்டியா? ஊரே என்னை நாதாங்குது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல நீ ஒரு நாளாவது கூப்பிட்டிருக்கியா?"

"நாதான்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்ங்க" என்றாள்.

ஒன்றுமில்லை! அது அதைவிட நல்ல வார்த்தை தம்பி. நம் பக்கம் குழந்தை விழுந்தால் என்ன சொல்வோம்? ஓடிப் போய்த் தூக்கி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று முதுகில் தட்டுவோம். அதே வார்த்தை. பயந்து கிடக்கிற ஊரில் எனக்கு அது மருந்து மாதிரி ஆயிற்று. நாய் குரைத்தால் நாதா. இடி இடித்தால் நாதா. மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாளுக்கு சொக்கோரோ என்று பெயர். மரியாதையாக தோன்யா சொக்கோரோ என்பார்கள். கடற்கரையில் மீன் சுட்டு விற்கிற கடை வைத்திருந்தார். நான் என்ன பேசினாலும் அவர், "மாந்தே?" என்பார். மண்டியைப் பற்றித்தான் விசாரிக்கிறார் என்று நானும் "ஆமா, மிளகாய் மண்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். 'என்ன சொன்னீர்கள்' என்பதை அப்படிக் கேட்பார்களாம். கனி சொன்னாள். அவளுக்கு எல்லாம் புரிய ஆரம்பித்திருந்தது. பால்காரனோடு சண்டை போட்டாள். டீச்சரைக் கேலி செய்தாள். சந்தையில் யாரோ அவளை "கனீத்தா" என்று கூப்பிட்டார்கள், இவள் திரும்பிப் பார்த்துக் கை அசைத்தாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில்தான் முதன்முதலாக எனக்கு ஒரு பயம். பல்லி, நாய் மாதிரி இல்லை. வேறு பயம். இன்னதென்று சொல்லத் தெரியவில்லை.

மத்தியானங்களில் கனி, சொக்கோரோ அம்மாளோடும் இன்னும் நாலைந்து பெண்களோடும் கடற்கரைக்குப் போய்விடுவாள். அந்தத் தடைப் பலகைக்கு இப்பால், பாறைகளுக்குள் ஒதுங்கிய ஒரு வளைவு இருக்கிறது. குளம் மாதிரி. அங்கே ஊர்ப் பெண்கள் இறங்குவார்கள். இவளும் சுடிதாரோடு இறங்குவாள். நான் மீன் கடை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் செருப்பையும் படிக்கிற மூக்குக் கண்ணாடியையும் பார்த்துக்கொள்வேன். கால் நனைக்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் சொல்லாமல் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் தலையைத் துவட்டிக்கொண்டே, "ஏங்க, நான் நாதார் கத்துக்கிறேன்" என்றாள்.

"நீ பிறவி நாடார்தானே, இன்னும் என்னத்தைக் கத்துக்கப் போற?" என்றேன்.

நல்ல பதில்தானே? அவள் சிரிக்கவில்லை. அப்புறம் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

தம்பி, அந்தத் தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் கொடுங்கள். அந்த நாளுக்கு வந்துவிட்டேன்.

அன்றைக்கு வானத்தில் ஒரு மேகம் இல்லை. காற்று இல்லை. கடல் நீலமாக, நல்ல பிள்ளை மாதிரி இருந்தது. எங்கேயோ தூரத்துப் புயல் தள்ளிவிட்ட தண்ணீர், வானம் சுத்தமாக இருக்கும்போதே அடியில் வந்து சேருமாம். பிறகுதான் சொன்னார்கள். பெண்கள் வளைவில் இறங்கினார்கள். கனியும் இறங்கினாள். சொக்கோரோ அம்மாள் அன்றைக்கு இறங்கவில்லை, அடுப்பில் மீன் இருந்தது. நான் நாற்காலியில். மடியில் கனியின் மூக்குக் கண்ணாடி.

ஒரு பெரிய அலை பாறையைத் தாண்டி உள்ளே வந்தது. இன்னொன்று வந்தது. பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு கரையேறினார்கள். முதலில் அது விளையாட்டுக் கூச்சல். அப்புறம் இல்லை. நான் தலைகளை எண்ணிப் பார்த்தேன். கனி அவர்களுக்குள் இல்லை.

கடலில் இருந்தாள். வளைவுக்கு வெளியே. தலை மட்டும் தெரிந்தது. நான் பார்க்கப் பார்க்க அந்தத் தலை சின்னதாகிக்கொண்டே போனது. அவள் அசையவில்லை தம்பி, கடல்தான் அவளை எடுத்துக்கொண்டு போகிறது. யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி. நான் எழுந்தேன். எழுந்தேன் என்றுதான் நினைக்கிறேன். கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

அப்போது அவள் குரல் கேட்டது. "சொக்கோரோ! சொக்கோரோ!"

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், சுயநினைவோடு இருக்கிறாள். நான் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி, "தோன்யா சொக்கோரோ, உங்களைத்தான் கூப்பிடறா!" என்று சொன்னேன். அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். கரண்டியை எறிந்துவிட்டுத் தண்ணீரை நோக்கி ஓடினார். நாலா பக்கத்திலிருந்தும் ஜனங்கள் ஓடினார்கள். தேங்காய்க்காரன், மாங்காய்ப் பெண், ஒதீலியா டீச்சர், எல்லோரும். ஓடிக்கொண்டே எல்லோரும் சேர்ந்து ஒரே வார்த்தையைக் கத்தினார்கள்.

"நாதா! நாதா! நாதா!"

ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.

கைகளையும் அப்படித்தான் ஆட்டினார்கள். நாம் ஒன்றுமில்லை என்று சொல்லும்போது உள்ளங்கையை விரித்து ஒதுக்குவோமே, அந்த மாதிரி, பக்கவாட்டில், பக்கவாட்டில். எனக்கு உடம்பு முழுக்க ஒரு குளிர்ச்சி. இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாத கடலா? இது தினம் நடக்கிறதுபோல. அவளுக்குத்தான் தைரியம் சொல்கிறார்கள். நானும் சொன்னேன். அப்போதுதான் எனக்குக் குரலே வந்தது. "ஒண்ணுமில்ல கனி! ஒண்ணுமில்ல!" என்று கத்தி, நானும் கையை அப்படியே ஆட்டினேன். அவள் என் பக்கம் பார்த்தாள். அத்தனை தூரத்தில் முகம் தெரியாது, ஆனாலும் பார்த்தாள் என்று தெரிந்தது. இனிப் பயமில்லை என்று அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அப்புறம் அவள் தலை மறைந்தது. தெரிந்தது. மறைந்தது. ஆனால் இப்போது வேறு மாதிரி. கரையை நோக்கி வரவில்லை. கரையை ஒட்டினாற்போல், குறுக்காக, பாறைகளை விட்டு விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தாள். கைகள் மாறி மாறி மேலே வந்தன. ஜனங்கள் கரையில் அவளுக்கு இணையாக ஓடினார்கள், கையை வீசிக்கொண்டே, நாதா நாதா என்று. ரொம்ப தூரம் போன பிறகு ஒரு அலை அவளைத் தூக்கிக் கரைப் பக்கம் போட்டது. தேங்காய்க்காரன் இடுப்பளவு இறங்கி இழுத்துவிட்டான். அவள் கரையேறிய இடம் எது தெரியுமா? அந்த மஞ்சள் பலகைக்கு நேர் கீழே.

நான் செருப்பையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அவள் முழங்காலிட்டுக் குனிந்து உப்புத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தாள். சொக்கோரோ அம்மாள் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். கனியும் அழுதாள். இரண்டு பேரும் ஏதேதோ பேசிக்கொண்டார்கள், அவளுக்கு எல்லாம் புரிந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் செருப்பை அவள் காலுக்கு முன்னால் வைத்தேன்.

"போட்டுக்கோ கனி. மணல் சுடுது."

அவள் என்னைப் பார்த்தாள். செருப்பைப் போட்டுக்கொள்ளவில்லை. சுடுகிற மணலில் வெறுங்காலோடு நடந்து போனாள்.

அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள்தான் சொன்னாள். நாதா என்றால் ஒன்றுமில்லை என்றும் அர்த்தமாம், நீந்து என்றும் அர்த்தமாம். நாதார் என்றால் நீந்துவது, அதைத் திருகினால் நாதா, நீந்து. நீந்து நீந்து என்றுதான் அவ்வளவு பேரும் கத்தியிருக்கிறார்கள். சொக்கோரோ என்பது பெயர் மட்டுமில்லையாம், காப்பாற்றுங்கள் என்று அர்த்தமாம். இது நியாயமா தம்பி? உயிர் போகிற நேரத்தில் கத்துகிற வார்த்தையை யாராவது ஒரு பெண்ணுக்குப் பெயராக வைப்பார்களா? ஒன்றுமில்லை என்பதற்கும் நீந்து என்பதற்கும் ஒரே வார்த்தையா? நான் அந்த டீச்சரிடம் போய்க் கேட்டேன். இதை ஏன் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று. அதாவது, "நாதா? நாதா?" என்று கேட்டேன். எனக்கு அவ்வளவுதானே தெரியும். அவர் கரும்பலகையைக் காட்டினார். அந்த மாதிரிக் கட்டங்கள்தான் அன்றைக்கும் அதில் இருந்தன.

கனியிடம் என் வருத்தத்தைச் சொன்னேன். மனசில் இருந்ததைச் சொல்லிவிட வேண்டும் இல்லையா?

"நீ ஏன் என்னைக் கூப்பிடல கனி? அவ்வளவு ஆபத்துல, கட்டின புருஷன் கரையில இருக்கேன், யார் யாரையோ அவங்க பாஷையில கூப்பிடற."

"கூப்பிட்டா வந்திருப்பீங்களா?"

"எனக்குத்தான் நீச்சல் தெரியாதே."

"அதாங்க" என்றாள்.

சீப்பை எடுத்துத் தலையைச் சீவிக்கொண்டே சொன்னாள். "நீங்க கையை ஆட்டினதைப் பார்த்தேன். எந்தப் பக்கம் போகணும்னு நீங்களும் காட்டறீங்கன்னு நினைச்சேன். நேரா கரையைப் பார்த்து நீந்தினா கடல்தான் ஜெயிக்குமாம். பக்கவாட்டுல விலகிப் போகணும். விலகிப் போனாத்தான் அது பிடியை விடும். விட்டுச்சுன்னா தன்னால கரைக்கு வந்துரலாம். சொக்கோரோ சொல்லிக் குடுத்திருக்கா. சரி, இவருக்கும் தெரிஞ்சிருக்கேன்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா, நீங்க உட்கார்ந்துட்டீங்க."

"சரி, அதெல்லாம் இருக்கட்டும். இனிமே நீ தண்ணிப் பக்கமே போகக் கூடாது" என்றேன்.

அன்றைக்கு மத்தியானமே போனாள்.

நான் போய் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. உட்கார முடியவில்லை. அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பேன். வாசலில் நனைந்த கால் சத்தம் கேட்கிறவரைக்கும் என் உயிர் என்னிடத்தில் இருக்காது. தினமும் அதே பயம் தம்பி. இவள் திரும்பி வருவாளா, மாட்டாளா? வந்த பிறகும் பயம் போகவில்லை என்பதுதான் வினோதம். எதிரே உட்கார்ந்து தலை துவட்டுகிறாள், எனக்கு அவள் தலை சின்னதாகிக்கொண்டே போகிற மாதிரி இருக்கிறது.

"கோபமா கனி?" என்று கேட்பேன்.

"இல்லைங்க."

"பின்னே ஏன் பேசமாட்டேங்கிற?"

"பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்."

நேற்று சொல்லிவிட்டேன். என்னால் முடியவில்லை, விமானம் ஏறிப் பையன் வீட்டுக்குப் போகலாம், பெட்டியைக் கட்டு என்றேன். கட்டினாள். மடித்து மடித்து நன்றாகக் கட்டினாள். காலையில் பார்த்தால் என் துணி மட்டும் இருக்கிறது. மாத்திரை, சாப்பாட்டுப் பொட்டலம், அமுதன் நம்பர் எழுதிய சீட்டு, எல்லாம் இருக்கிறது. அவள் சேலை ஒன்றுகூட இல்லை.

"உன்னோடது எங்க?"

"நான் படிப்பை முடிக்கலையே. இன்னும் இறந்தகாலம் வரல, எதிர்காலம் வரல. முடிச்சிட்டு வரேன்."

"எப்ப முடியும்?"

"தெரியலைங்க. நீங்க முன்னால போங்க."

நான் போய்விடமாட்டேன் என்று நினைத்துச் சொல்கிறாள் என்றே பஸ் நிலையம் வரை நம்பிக்கொண்டு வந்தேன். அவள்தான் டிக்கெட் எடுத்தாள். அவள்தான் டிரைவரிடம், இவருக்குப் பாஷை தெரியாது, பத்திரமாக இறக்கிவிடுங்கள் என்று சொன்னாள். அப்படித்தான் சொல்லியிருப்பாள், டிரைவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். தலைமுடி ஈரமாக, காலில் மணலோடு கீழே நின்றாள். கூட சொக்கோரோ அம்மாள். பஸ் நகர்ந்தது. ஜன்னலைத் தள்ளித் திறந்து கேட்டேன்.

"கனி, நான் அங்க போய்த் தனியா என்ன பண்ணட்டும்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, அது சத்தியம். ஒரு சிரிப்புக்கூட இருந்தது.

"நாதா" என்றாள்.

அவ்வளவுதான். பஸ் திரும்பிவிட்டது.

இப்போது சொல்லுங்கள். நான் யோசித்து வைத்திருக்கிறேன். ஒன்று, ஒன்றுமில்லை, பயப்படாதீங்க, பின்னாலேயே வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. இன்னொன்று, இத்தனை வருஷமாகக் கேட்டேனே, நாதா என்று கூப்பிடு என்று, கடைசியில் கூப்பிட்டுவிட்டாள். அதுவும் இருக்கலாம். பிரிகிற நேரத்தில் பெண்களுக்கு அப்படி வரும். நீந்து என்பதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மலை மேலே போகிற பஸ்ஸில் இருக்கிற ஆளைப் பார்த்து யாராவது நீந்து என்பார்களா?

என்ன கேட்டீர்கள்? கையா? சொல்லும்போது கையை எப்படி வைத்திருந்தாள் என்றா?

ஆமாம், கையைக் காட்டினாள். வலது கை. இருங்கள், இந்தக் கம்பியை விட்டால்தான் காட்ட முடியும். விடுவதற்குப் பயமாக இருக்கிறது. இதோ, இப்படி. உள்ளங்கையை விரித்து, இப்படி, பக்கவாட்டில். திரும்பவும் பக்கவாட்டில். நாம் ஒன்றுமில்லை என்று காட்டுவோமே, அதேதான். அதேதானே தம்பி?

ஏன் பேசமாட்டேன் என்கிறீர்கள்? ஏன் என் கையையே பார்க்கிறீர்கள்?

வேண்டாம், இப்போது சொல்லாதீர்கள். முன்னால் பெரிய வளைவு வருகிறது. அது தாண்டட்டும்.